டோக்கைடோ வழியில் வணிகம்

டோக்கியோவின் நிஹோன்பாஷி பாலத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாது. 1964 ஒலிம்பிக் போட்டிக்கு முன்பாக அவசரமாகக் கட்டிய உயர்மட்ட விரைவுச்சாலை பாலத்தின் தலைக்கு மேலேயே ஓடுகிறது. அழகைக் கெடுத்த காரியம்தான். ஆனாலும் ஜப்பானுக்கு வணிகம் பேசப் போகிறவர் பயணத்தைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. 1603-இல் இங்கே முதல் மரப்பாலம் அமைந்தது. எடோ என்று அப்போது பெயர் பெற்றிருந்த இந்த நகரிலிருந்து புறப்பட்ட ஐந்து பெருவழிகளுக்கும் இதுவே முதலடி. இன்றைய கல்பாலம் 1911-இல் கட்டியது. சாலைத் தூரங்களை அளக்கும் சுழியப் புள்ளி அதன் நடுவில் வெண்கலத் தகடாகப் பதிந்திருக்கிறது. ஐந்து வழிகளில் முதன்மையானது டோக்கைடோ: கடலோரமாக 53 தங்கல்களைக் கடந்து கியோட்டோ வரை நடந்து போன வழி. 1964 அக்டோபர் 1 முதல் பெரும்பாலும் அதே தடத்தை ஒட்டி ஷின்கான்சென் ரயில் ஓடுகிறது. டோக்கியோவிலிருந்து ஒசாகாவுக்கு இரண்டரை மணி நேரம்.

பாலத்துக்குப் பக்கத்திலேயே மித்சுகோஷி என்னும் பெருங்கடை. அதன் தாய்க்கடையான எச்சிகோயாவை மித்சுயி தகதோஷி என்ற வணிகர் 1673-இல் தொடங்கினார். அதுவரை துணி வணிகர்கள் பெரிய வீடுகளுக்குத் துணியைச் சுமந்துபோய்க் காட்டி, ஆளுக்கொரு விலை சொல்லி, கடன் கணக்கை ஆண்டுக்கு ஓரிரு முறை தீர்த்துக்கொண்டார்கள். தகதோஷி வாடிக்கையாளரைக் கடைக்கு வரச் சொன்னார். யார் வந்தாலும் ஒரே விலை, கையில் காசு. முன்னூற்றைம்பது ஆண்டுகளாக ஊறிய இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. திருப்பூரிலிருந்து பின்னலாடை மாதிரிகளோடு போகும் ஏற்றுமதியாளர் ஒருவர், இறங்குவதற்கு இடம் விட்டு விலையைக் கூட்டிச் சொல்லி, பிறகு ஒரேயடியாக இருபது விழுக்காடு குறைத்தால், எதிரில் இருப்பவர் மகிழ மாட்டார். முதலில் சொன்ன விலை என்ன கணக்கில் வந்தது என்றுதான் யோசிப்பார்.

அந்த எதிரில் இருப்பவரைச் சந்திப்பதே தனி ஏற்பாடு. முன்பின் தெரியாத கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதில் வரும் என்று காத்திருப்பது பெரும்பாலும் வீண். இரு தரப்புக்கும் தெரிந்த ஒருவர், ஒரு வங்கியோ பழைய வாடிக்கையாளரோ அறிமுகம் செய்துவைக்க வேண்டும். ஜப்பான் அரசின் வணிக வளர்ச்சி அமைப்பான ஜெட்ரோவுக்குச் சென்னையிலேயே அலுவலகம் உண்டு. அறிமுகம் செய்தவர் தம் பெயரையே ஈடு வைக்கிறார் என்பதால், பின்னால் ஒரு தவறு நேர்ந்தால் அது அவரையும் சுடும்.

சந்திப்புக்குக் குறித்த நேரம் பத்து மணி என்றால் ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வரவேற்பறையில் இருக்க வேண்டும். அரைமணி முன்னதாகப் போய் நிற்பதும் தொந்தரவுதான். 2017 நவம்பரில் டோக்கியோவுக்கு வடகிழக்கே ஓடும் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று ஒரு நிலையத்திலிருந்து 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டுவிட்டது. அதற்காக அந்த ரயில் நிறுவனம் மன்னிப்பு அறிக்கை வெளியிட்டது. உலகம் முழுவதும் அதைச் சிரித்தபடி செய்தியாக்கினார்கள். ஜப்பானில் யாருக்கும் அது சிரிப்பாகப் பட்டிருக்காது.

அறைக்குள் நுழைந்ததும் முதலில் நடப்பது விசிட்டிங் கார்டு மாற்றிக்கொள்ளும் சடங்கு. கார்டுக்கு மெய்ஷி என்று பெயர். இரு தரப்பிலும் பதவியில் மூத்தவர்கள் முதலில், பிறகு படிப்படியாக இளையவர்கள். எழுத்து வாங்குபவரை நோக்கியிருக்குமாறு இரு கைகளாலும் நீட்டி, கம்பெனி பெயரையும் தம் பெயரையும் சொல்லி, சற்றுக் குனிய வேண்டும். வாங்கிய கார்டை உடனே பையில் செருகக் கூடாது. நின்று படித்து, மேசையில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படியே கார்டுகளை அடுக்கி வைப்பார்கள். அதில் குறிப்பு கிறுக்குவதும், அதைப் பின்பாக்கெட்டில் வைத்து மேலே உட்காருவதும் அந்த ஆளையே அவமதிப்பதற்குச் சமம். கார்டு அங்கே வெறும் முகவரிச் சீட்டாக இல்லை. எவ்வளவு குனிய வேண்டும், எந்த அளவு மரியாதைச் சொல் பயன்படுத்த வேண்டும் என்பதை அதிலுள்ள பதவிப் பெயரைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

தமிழர் கார்டு இந்த இடத்தில் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஜப்பானியர் குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்து அழைப்பார்கள். பெரும்பாலான தமிழருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பா பெயர் இருப்பதால், கூட்டம் முழுவதும் மகனை அப்பா பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். எப்படி அழைக்க வேண்டும் என்பதைக் கார்டின் மறுபக்கத்தில் கதகானா எழுத்தில் அச்சிட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் வராது. அந்த எழுத்தில் லகர ரகர வேறுபாடு கிடையாது என்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழ் என்ற சொல்லே அங்கே 'தமிரு' ஆகிவிடுகிறது.

உட்காரும் இடத்துக்கும் வரிசை உண்டு. வாசலுக்கு மிகத் தொலைவில் உள்ள நாற்காலி விருந்தினரில் மூத்தவருக்கு. வாசலை ஒட்டியது அழைத்தவர் தரப்பில் இளையவருக்கு. அடக்கம் காட்டுவதாக நினைத்து விருந்தினர் வாசலருகே உட்கார்ந்துவிட்டால் அறையில் இருக்கும் எல்லாரும் இடம் மாற வேண்டியிருக்கும். காட்டிய இடத்தில் உட்காருவதே அடக்கம்.

மரியாதைச் சொற்களில் தமிழரை ஏமாற்றும் ஒரு நுட்பம் இருக்கிறது. தமிழில் முதலாளியைப் பற்றி யாரிடம் பேசினாலும் 'வந்திருக்கிறார்', 'சொன்னார்' என்று ஆர் விகுதி போட்டுத்தான் பேசுவோம். ஜப்பானில் அகம், புறம் என்று ஒரு கோடு உண்டு. வெளியாள் ஒருவரிடம் தம் கம்பெனித் தலைவரைப் பற்றிப் பேசும்போது, கடைநிலை ஊழியர்கூட 'சான்' சேர்க்காமல், பணிவு வினையோடு, வெறும் பெயராகவே சொல்வார். அகத்தைத் தாழ்த்திப் புறத்தை உயர்த்துவதுதான் முறை. ஊழியர் முதலாளியை மதிக்கவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. விருந்தினரை அதிகம் மதிக்கிறார் என்றே கொள்ள வேண்டும். வந்தவர் தம் முதலாளியின் பெருமைகளை அடுக்கத் தொடங்கினால், அது காதில் தற்புகழ்ச்சியாக விழும்.

இனி பேச்சு. எதிரில் இருப்பவர் வார்த்தைக்கு வார்த்தை 'ஹை, ஹை' என்று தலையசைப்பார். அகராதியில் அதற்கு 'ஆம்' என்று பொருள். மேசையில் அதற்குப் பொருள் 'காதில் விழுகிறது' என்பது மட்டுமே. நம் ஊரில் கதை கேட்பவர் 'ம்' கொட்டுவதைப் போல. ஒவ்வொரு 'ஹை'யையும் ஒப்புதல் என்று எண்ணி, ஆர்டர் கிடைத்துவிட்டதாக ஊருக்குத் தொலைபேசியில் சொன்னவர்கள் ஏராளம்.

மறுப்பு வேறு உடையில் வரும். 'கென்தோ ஷிமாசு' என்றால் பரிசீலிக்கிறோம் என்று பொருள். 'முசுகாஷீ தெசு' என்றால் சற்றுக் கடினம். சில சமயம் சொல்லே இராது, பற்களின் இடையே மூச்சை உள்ளிழுத்து, தலையைச் சாய்த்து, மௌனம். மூன்றுமே பெரும்பாலும் 'இல்லை'தான். மேலைநாட்டு வணிகர்களுக்கு எழுதிய கையேடுகள் இதை விளக்கப் பக்கம் பக்கமாகச் செலவிடுகின்றன. தமிழருக்கு அத்தனை தேவையில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி, கேசரி சாப்பிட்டு முடித்து 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்று சொல்லிவிட்டு எழுந்தால், அது என்ன கடிதம் என்று பெண் வீட்டாருக்குத் தெரியும். 'பார்க்கலாம்' என்ற சொல்லுக்குள் எத்தனை மறுப்புகளை நாமும் வைத்திருக்கிறோம்! முகத்தில் அடித்தாற்போல் மறுக்காமல் இருப்பதற்குத் ததெமாயே என்று அங்கே பெயர்: வெளியே சொல்லும் சொல். உள்ளே இருக்கும் எண்ணம் ஹொன்னே. இரண்டையும் சேர்த்துப் பொய் என்று பெயரிட்டால் அந்த நாட்டில் எதுவும் புரியாது. வந்தவரின் முகம் கெடாமல் அனுப்பி வைக்கும் உபசாரம் அது.

ஆனால் எல்லா மௌனமும் மறுப்பாகாது. ஒரு விலையைச் சொன்ன பிறகு எதிர்த்தரப்பு அரை நிமிடம் பேசாமல் இருந்தால், பெரும்பாலும் யோசிக்கிறார்கள் என்று பொருள். அதைத் தாங்க முடியாமல் தாமாகவே விலையைக் குறைக்கிற விற்பனையாளர் தமக்குத் தாமே பேரம் பேசிக்கொள்கிறார்.

கூட்டத்தில் முடிவு கிடைக்காது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும். முடிவுகள் கூட்டத்துக்கு வெளியே உருவாகின்றன. அதற்கு நெமவாஷி என்று பெயர், தோட்டக்காரர்களிடமிருந்து வந்த சொல். பெரிய மரத்தை இடம் பெயர்க்க வேண்டுமானால் பல மாதங்கள் முன்பே சுற்றிலும் மண்ணைப் பறித்து, வேர்களை நறுக்கி, அடிமரத்தை ஒட்டிப் புதிய நுண்வேர்கள் விட விடுவார்கள். பிறகு பெயர்த்தால்தான் மரம் பிழைக்கும். கம்பெனியில் ஒரு யோசனையைக் கொண்டுவருபவர் ஒவ்வொரு துறைக்காரரிடமும் தனித்தனியே போய்ப் பேசி, எதிர்ப்பைக் கேட்டு, திருத்தி, எல்லாரும் தலையசைத்த பிறகே கூட்டம் கூட்டுவார். அடுத்து ரிங்கி என்னும் தாள் கீழிருந்து மேலே ஏறும். ஒவ்வொரு மேசையிலும் ஹன்கோ என்ற சிறு முத்திரை விழும். சில நிறுவனங்களில், குறிப்பாக வங்கிகளில், இளையவர் முத்திரையை மூத்தவரின் முத்திரைப் பக்கம் சற்றுச் சாய்த்துக் குத்துவார், தாளிலும் வணங்குவதைப் போல. 2020 பெருந்தொற்றின்போது முத்திரை குத்துவதற்காகவே ஊழியர்கள் ரயிலேறி அலுவலகம் போக வேண்டியிருந்தது. அப்போதைய சீர்திருத்த அமைச்சர் கோனோ தாரோ, பெரும்பாலான அரசு நடைமுறைகளில் முத்திரை தேவையில்லை என்று ஆக்கினார். தனியார் கம்பெனிகளில் பழக்கம் மெல்லத்தான் தேய்கிறது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தாமதம். மூன்று மாதம் ஓசையே இராது, பிறகு திடீரென்று நூறு கேள்விகள் வரும்: நூல் எங்கே வாங்கியது, சாயப் பட்டறை எது, பெட்டியின் அட்டை எத்தனை அடுக்கு. கேள்வி வருவது நல்ல குறி. தாள் மேசைக்கு மேசை நகர்கிறது என்று பொருள். முடிவானபின் யாரும் பின்வாங்க மாட்டார்கள், வேலையும் வேகமெடுக்கும்.

டோக்கியோ சந்திப்புகள் முடிந்து ஷின்கான்செனில் ஏறினால், நடைமேடையிலேயே அடுத்த பாடம். வந்து நின்ற ரயிலைச் சில நிமிடங்களில் சுத்தம் செய்துவிட்டு, துப்புரவுப் பணியாளர்கள் வரிசையில் நின்று குனிந்து வணங்குகிறார்கள். உள்ளே தொலைபேசி வந்தால் பெட்டிக் கோடிக்கு எழுந்துபோய்ப் பேச வேண்டும். வலப்பக்கச் சன்னல் இருக்கை கிடைத்தால், மேகம் இல்லாத நாளில் ஃபூஜி மலை தெரியும்.

யோகோஹாமா வழியில் வருகிறது. 1859-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்த துறைமுகம். இந்தியத் துணி, பட்டு வணிகர்கள் இங்கே குடியேறியிருந்தார்கள். 1923 பெருநிலநடுக்கம் நகரத்தைத் தரைமட்டமாக்கியது. இந்தியரும் இறந்தார்கள், பிழைத்தவர்களுக்கு ஊரார் உதவினார்கள். அந்த நன்றிக்கும் நினைவுக்குமாக இந்திய வணிகர்கள் 1939-இல் கொடுத்த நீரூற்று மண்டபம் யமாஷிதா பூங்காவில் நிற்கிறது. பதினாறு ஆண்டு கழித்துச் செலுத்திய நன்றி. ஜப்பானியர் இதைக் குறை சொல்ல மாட்டார்கள். கடனை மறக்காதவர்களை அவர்களுக்குப் பிடிக்கும்.

ஏனென்றால் கொடுக்கல் வாங்கல் கணக்கு அங்கே மிகக் கண்டிப்பானது. முதல் சந்திப்புக்கே ஊர்ப் பண்டம் கொண்டுபோவது வழக்கம். தனித்தனியாகப் பொதிந்த இனிப்போ நீலகிரித் தேயிலையோ பொருத்தம். அலுவலகத்தில் எல்லாருக்கும் பங்கிடலாம். விலை மிகுந்த பொருள் வாங்குபவரைச் சங்கடப்படுத்தும், ஈடாகத் திருப்பித் தர வேண்டுமே. நான்காக எதையும் தரக் கூடாது. நான்கைக் குறிக்கும் 'ஷி' சாவையும் குறிக்கும். கோடையில் ஒரு முறை, ஆண்டு முடிவில் ஒரு முறை வாடிக்கையாளருக்குப் பரிசு அனுப்பும் பருவங்கள் உண்டு. திருமணத்துக்கு உறையில் வைக்கும் பணம் புத்தம் புதிய நோட்டாக, இரண்டாகப் பிரிக்க முடியாத ஒற்றைப்படையில், 30,000 யென் என்பது போல இருக்கும். துக்க வீட்டுக்குப் பழைய நோட்டு. யார் எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதிவைத்து, பாதி மதிப்புக்குப் பொருளாகத் திருப்பி அனுப்புவார்கள். 101, 501 என்று மொய் எழுதி, நோட்டைப் பீரோவில் பத்திரப்படுத்தும் மதுரைக்காரருக்கு இதில் ஒன்றுகூடப் புதிதில்லை.

நகோயாவைத் தாண்டி, மைபாராவில் பிவா ஏரிக்கரை வருகிறது. பழைய ஓமி நாடு. இங்கிருந்துதான் ஓமி வணிகர்கள் தோளில் காவடிபோல் தண்டுக்கோல் தாங்கி, இரு பக்கமும் சரக்கைத் தொங்கவிட்டு நாடெங்கும் நடந்தார்கள். 1858-இல் துணி வணிகத்தில் இறங்கிய இத்தோ சுபெய் இந்த ஊர்ப் பக்கத்தவர். அவர் தொடங்கியது இன்று இத்தோசு என்ற பெரும் வணிக நிறுவனம். விற்பவருக்கு நன்மை, வாங்குபவருக்கு நன்மை, ஊருக்கு நன்மை என்னும் 'சம்போ யோஷி' ஓமி வணிகர்களின் கொள்கையாகப் பேசப்படுகிறது. அந்தச் சொற்றொடர் பிற்காலத்தது, கருத்து பழையது. 1754-இல் நகமுரா ஜிஹெய் என்ற வணிகர் தம் வாரிசுக்கு எழுதிவைத்த அறிவுரையில் அது இருக்கிறது. அயலூரில் கடை போடுபவர் அந்த ஊருக்கு வேண்டியவராக இருந்தால்தான் மறுமுறை போக முடியும். நகரத்தார் வணிகத்தில் அறத்துக்கென மகமை ஒதுக்கிய காரணமும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

ஊருக்கு வேண்டியவராக இருக்க மறந்தவர்கள் பட்ட பாடு ஜப்பானிய வணிக வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பிரான்சின் கார்ஃபூர் 2000 டிசம்பரில் டோக்கியோவுக்குக் கிழக்கே சிபாவின் மகுஹாரியில் மாபெரும் கடை திறந்தது. வாரத்துக்கு ஒருமுறை காரில் வந்து மொத்தமாக அள்ளிப் போகும் வாடிக்கையாளரை மனத்தில் வைத்த கடை அது. டோக்கியோ வீடுகளில் அத்தனையையும் அடுக்க இடம் கிடையாது. அன்றன்றைக்கு மீனும் கீரையும் வாங்குபவர்கள் அவர்கள். பிரெஞ்சுக் கடை என்று ஆவலோடு வந்தவர்களுக்கு உள்ளூர்ச் சரக்கே காணக் கிடைத்தது. 2005-இல் கடைகள் உள்ளூர் நிறுவனமான ஏயோனுக்குக் கைமாறின. ஸ்வீடனின் இக்கியா 1974-இல் வந்து 1986-இல் திரும்பிப் போனது. பிறகு தத்தாமிப் பாய் எண்ணிக்கையில் அளக்கும் சிறு அறைகளைக் கவனித்துப் படித்து, 2006-இல் அதே சிபாவின் ஃபுனபாஷியில் மறுபடி கடை திறந்து நிலைத்துவிட்டது. கிட்கேட் சாக்லேட்டுக்கோ அதிர்ஷ்டம் பெயரிலேயே இருந்தது. ஜப்பானிய உச்சரிப்பில் அது 'கித்தோ கத்சு', அதாவது 'நிச்சயம் வெல்வாய்', என்பதுபோல் ஒலிக்கவே, தேர்வெழுதும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் வாங்கித் தரத் தொடங்கினார்கள். கம்பெனி அதைக் கண்டு பிடித்துக்கொண்டது.

கியோட்டோவில் ஒரு மாலை. சில பழைய உணவகங்கள் அறிமுகமில்லாத புதியவரை அனுமதிப்பதே இல்லை. விருந்துக்கு அழைத்தவர்தான் சாவி. குடிக்கும்போது தம் குவளையில் தாமே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்தவருக்கு ஊற்றினால் அவர் ஊற்றுவார். குடிக்காதவர் ஊலாங் தேநீரை உயர்த்தி 'கம்பாய்' சொன்னால் யாரும் வற்புறுத்துவதில்லை. சோற்றில் சாப்பாட்டுக் குச்சிகளைக் குத்தி நிறுத்துவதும், குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை மாற்றுவதும் சாவுச் சடங்கை நினைவூட்டும். சைவ உணவுக்காரருக்கு உண்மையான இடர் தாஷி என்னும் அடிச்சாறு. கட்சுவோ மீனை உலர்த்திச் சீவிய துருவலிலிருந்து அது வருகிறது; காய்கறிக் கூட்டிலும் சூப்பிலும் இருக்கும். மீன் துண்டு இல்லையே என்று பரிமாறுபவர் நல்லெண்ணத்தோடே சொல்வார். முன்னதாகவே தெரிவித்தால் கோயில்களின் ஷோஜின் என்னும் சைவச் சமையலுக்கு ஏற்பாடு செய்வார்கள். இந்த மேசையில்தான் ஹொன்னே கொஞ்சம் வெளியே வரும். மறுநாள் காலை அதை நினைவூட்டுவது நாகரிகமல்ல.

ஒசாகாவில் இறங்கினால் படிக்கட்டே வேறு பேசுகிறது. டோக்கியோவில் நகரும் படியில் இடப்பக்கம் ஒதுங்கி நின்றவர்கள், இங்கே வலப்பக்கம் நிற்கிறார்கள். எடோ காலத்தில் நாட்டின் அரிசி வந்து குவிந்த வணிக நகரம் இது. 1730-இல், எடோவிலிருந்து ஆண்ட ஷோகன் அரசு ஒப்புக்கொண்ட தோஜிமா அரிசிச் சந்தை, உலகின் முதல் முன்பேர வணிகச் சந்தை என்று கருதப்படுகிறது. பழைய ஒசாகா வணிகர்கள் சந்தித்தால் 'மொகரிமக்கா', லாபம் வருகிறதா, என்று கேட்பார்களாம். பதில் 'போச்சி போச்சி': ஏதோ வண்டி ஓடுது. விலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவதில் இவர்களுக்குக் கூச்சம் குறைவு.

திருப்பூர்க்காரரின் மாதிரிப்பெட்டி திறக்கும் இடம் இங்குள்ள செம்பா துணிச்சந்தைப் பகுதி. 2011 ஆகஸ்டில் இந்திய–ஜப்பான் பொருளாதார ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபின் ஆயத்த ஆடைகளுக்குச் சுங்கவரிச் சலுகை உண்டு. ஆனாலும் தரத்தேர்வு கடினம். சட்டையைப் புரட்டி உட்புறத் தையலைப் பார்ப்பார்கள். நறுக்காத நூல்முனை ஒன்று இருந்தால் சொல்வார்கள். உடைந்த ஊசிமுனை துணிக்குள் தங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு உருப்படியையும் நீடில் டிடெக்டரில் விட்டுச் சோதித்த சான்று கேட்பார்கள். சரக்கின் குறையால் யாருக்காவது கேடு நேர்ந்தால் நட்டஈடு தரச் செய்யும் பொருள் பொறுப்புச் சட்டம் அங்கே 1995-இல் அமலுக்கு வந்தது. சரக்கு தாமதமாகும் என்று தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். அறிவி, தொடர்புகொள், கலந்துபேசு என்ற மூன்று சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹோரென்சோ' என்று ஊழியர்களுக்குக் கற்பிக்கிறார்கள். பசலைக்கீரைக்கும் அங்கே அதே பெயர். 'கப்பல் ஏறும்வரை சமாளித்துக்கொள்ளலாம்' என்று இருப்பவர், சரக்குத் தாமதத்தைக் காட்டிலும் அந்த மௌனத்துக்காகவே வாடிக்கையாளரை இழப்பார்.

ஒப்பந்தம் பெரும்பாலும் சில பக்கங்களுக்குள் முடியும். கடைசியில் ஒரு பிரிவு வழக்கமாக இருக்கும்: இதில் சொல்லாத சிக்கல் எழுந்தால் இரு தரப்பும் நேர்மையோடு கலந்துபேசித் தீர்த்துக்கொள்வது. வழக்கறிஞர்களுக்கு அது வெற்று வாக்கியம். கையெழுத்திட்டவர்களுக்கு அதுதான் ஒப்பந்தத்தின் உயிர்.

ஒசாகாவிலிருந்து அரைமணி தூரத்தில் கோபே. 1923-க்குப் பிறகு யோகோஹாமாவிலிருந்து வந்த இந்திய வணிகர்கள் வேர்விட்ட ஊர். கித்தானோ மேட்டில் 1985-இல் முத்து வணிகர்கள் எழுப்பிய வெண்பளிங்கு ஜைனக் கோயில் இருக்கிறது. அதே மேட்டைச் சுற்றிய தெருக்களில் மூன்றாம் தலைமுறை இந்தியர்கள் கன்சாய் என்னும் இப்பகுதியின் வட்டார வழக்கில் ஜப்பானியம் பேசுகிறார்கள்.

ஜப்பானில் கணக்கு ஆண்டு நம்மைப்போலவே ஏப்ரலில் தொடங்குகிறது. பெரிய கம்பெனிகளில் இடமாற்றங்களும் பெரும்பாலும் அப்போதுதான். இரண்டு மூன்று ஆண்டு பழகி, ததெமாயேக்குப் பின்னாலிருப்பதை ஒருவாறு படிக்கத் தெரிந்த நேரத்தில் அந்த அதிகாரி வேறு துறைக்குப் போய்விடுவார். போவதற்கு முன் தம் இடத்துக்கு வருபவரை அழைத்துக்கொண்டு வந்து, மேசையருகே நிறுத்தி, அறிமுகம் செய்துவைப்பார். புதியவர் சற்றுக் குனிந்து, தம் கார்டை இரு கைகளாலும் நீட்டுவார்.